கதைக்கு எத்தனை கண் – 9: யார் வாயால் சொல்வது?

கதை சொல்லக் கிளம்புகிறவர் மூன்று விஷயங்களை முடிவு செய்தாக வேண்டும். எங்கே தொடங்குவது, எதை மறைத்து வைப்பது, யார் வாயால் சொல்வது. முதல் இரண்டையும் பார்த்துவிட்டோம். மூன்றாவதைக் கற்றுக்கொள்ளத் தாமிரபரணிக் கரையில் ஒரு நல்ல பாடம் கிடக்கிறது: முத்துப்பட்டன் கதை.

நெல்லைச் சீமைக் கோயில் கொடைகளில் வில்லில் பாடுகிற கதை இது. பிராமணக் குடும்பத்துப் பிள்ளை முத்துப்பட்டன், காட்டில் பாடிக்கொண்டு போன பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கை மேல் ஆசைப்படுகிறான். அவர்களுடைய அப்பா வாலப்பகடை, சக்கிலியர். பெண் வேண்டுமானால் பூணூலைக் கழற்று, குடுமியை அறு, செருப்புத் தை என்கிறார். மூன்றையும் செய்துவிட்டு வந்து நிற்கிறான் பட்டன். கல்யாணம் ஆன கையோடு, மாமனாரின் மாடுகளைக் கவர வந்தவர்களோடு மோதிச் சாகிறான். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். பாபநாசத்துக்கு மேலே, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக இருக்கும் அவனுக்கு இன்றைக்கும் செருப்புதான் காணிக்கை.

நா. வானமாமலை பதிப்பித்த இந்தக் கதைப்பாடலை 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கதைக்கு இன்னொரு வடிவமும் உண்டு. அதில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள். காட்டில் விடப்பட்ட குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தார். இது பின்னால் யாரோ ஒட்டவைத்தது என்பது வானமாமலையின் கருத்து.

ஒட்டியது ஒரே ஒரு காட்சி. அதற்குப் பிறகு வரும் காடு, நிபந்தனை, சாவு எதுவும் மாறவில்லை. ஆனாலும் கதை தலைகீழாகிவிட்டது. முதல் வடிவத்தில் பட்டன் தெரிந்தே எல்லாவற்றையும் உதறுகிறான். இரண்டாவதில் அவனுக்குத் தெரியாத ரகசியம் ஒன்று சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரிந்திருக்கிறது. அவன் செய்த தியாகம் வெறும் அறியாமையாகச் சுருங்கிவிடுகிறது. பெற்ற தகப்பன் வளர்த்தவராக இறங்கிவிடுகிறார். கதையில் யாருக்கு எது தெரியும் என்பதைச் சொல்பவர் நிற்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. நோக்குநிலை என்பது அந்த இடம்தான்.

வில்லடிக்கும் புலவர் அந்த இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பார். வீசுகோலைத் தட்டி ‘பட்டன் போனான்’ என்று படர்க்கையில் கதையை நகர்த்துவார்; அடுத்த அடியிலேயே பட்டனாகிக் கெஞ்சுவார்; அதற்கடுத்து வாலப்பகடையாகிக் கறாராகப் பேசுவார். குடம் தட்டுகிறவரும் பின்பாட்டுக்காரரும் ‘ஆமா’ போட்டு அவரை மறுபடி கதைசொல்லியாக்கிவிடுவார்கள். கொடை உச்சத்துக்கு வரும்போது சாமியாடிமேல் தெய்வம் இறங்கும். அதுவரை ‘அவன்’ என்று பாடப்பட்டவன், பாடியவர் முன்னாலேயே ‘நான்’ என்று பேச ஆரம்பிப்பான். கதாபாத்திரம் எழுந்து வந்து கதைசொல்லியின் கையிலிருந்து கதையை வாங்கிக்கொள்ளும் வசதி அச்சில் ஏறிய எந்த நாவலுக்கும் இல்லை.

அச்சுக்கதைக்கு வேறொரு பலம் உண்டு. திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்த புதுமைப்பித்தன் (1906–1948) ‘காஞ்சனை’ கதையை ஓர் எழுத்தாளரின் ‘நான்’ வழியாகச் சொன்னார். வீட்டு வேலைக்கு வந்து சேர்ந்தவள் பேயா, அல்லது அந்த எழுத்தாளரின் மனக்கலக்கமா? வாசகரால் அறுதியிட முடியாது. அங்கே நடப்பதெல்லாம் அந்த ஒருவர் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. அதே கதையைப் படர்க்கையில், எல்லாம் அறிந்தவரின் குரலில் எழுதியிருந்தால், பேய் உண்டா இல்லையா என்று ஆசிரியர் எங்காவது பிடி கொடுக்க நேர்ந்திருக்கும். பயமும் அங்கேயே போயிருக்கும்.

ஆகவே ‘நான்’ என்று எழுதினால் நெருக்கம், ‘அவன்’ என்று எழுதினால் விலகல் என்ற வாய்ப்பாட்டை நம்ப வேண்டாம். சொல்பவருக்கு எது தெரியாது என்று முதலில் கேளுங்கள். கதையின் வலு பெரும்பாலும் அந்தத் தெரியாத பக்கத்தில்தான் இருக்கும்.

இந்த வாரப் பயிற்சி: முத்துப்பட்டன் கதையின் நிபந்தனைக் காட்சியை வாலப்பகடையின் வாயால் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். பட்டனுக்கு அது ஒரு சோதனை. தகப்பனுக்கோ, உயர்சாதிப் பிள்ளையிடம் ‘தர முடியாது’ என்று நேரே சொல்ல வழியில்லாத ஒருவர் கண்டுபிடித்த மறுப்பாகவும் அது இருக்கலாம். அப்படியானால், குடுமி இல்லாமல், தைத்த செருப்போடு அவன் திரும்பி வந்து நின்றபோது அவருக்கு வந்தது மகிழ்ச்சியா, திகிலா? புலவர் சொல்லாமல் விட்ட அந்தப் பதிலை நீங்கள் எழுத வேண்டும்.

(அடுத்த வாரம்: உரையாடல்)