தீ தொடாமலே பறிபோகும் மூச்சு

2016 அக்டோபர் 20. தீபாவளி நெருங்கிய நேரம். சிவகாசியில் ஒரு பட்டாசு குடோனில் வேனில் சரக்கு ஏற்றும்போது தீப்பிடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பக்கத்து ஸ்கேன் சென்டரில் இருந்தவர்கள். புகை உள்ளே புகுந்து, மூச்சுத் திணறியே இறந்தார்கள்.

மூச்சுத் திணறல் என்றதும் காற்று கிடைக்காமல் போவதையே நினைக்கிறோம். புகையில் சிக்கியவரின் நுரையீரலுக்குள் காற்று போய்க்கொண்டிருந்தாலும் உயிர் போகலாம். ஏனென்றால் அடி விழுவது ரத்தத்தில்.

ஒரு லிட்டர் ரத்தத்தின் நீர்ப்பகுதியில் சுமார் 3 மில்லி ஆக்சிஜன்தான் கரையும். சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினால் அது 200 மில்லி ஆகிறது. ஒவ்வொரு ஹீமோகுளோபின் மூலக்கூறிலும் 4 இரும்பு அணுக்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் மட்டும் போதாது, சேர வேண்டிய இடத்தில் விடவும் வேண்டும். உழைக்கும் தசை கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. ரத்தம் சற்றே அமிலமாகிறது. ஹீமோகுளோபினின் பிடி தளர்கிறது. டென்மார்க்கின் உடலியல் அறிஞர் கிறிஸ்டியன் போர் 1904இல் கண்டது இது. கழிவு என்று நாம் ஒதுக்கும் வாயுதான் ஆக்சிஜனை இறக்கிவைக்க உதவுகிறது! அந்தக் கழிவில் சுமார் 70 சதவீதம் பைகார்பனேட்டாக மாறி ரத்தத்தில் கரைந்தே நுரையீரலுக்குத் திரும்புகிறது.

வெடிமருந்தும் அட்டைப்பெட்டியும் மூடிய இடத்தில் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனுக்குரிய அதே இரும்பில் 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது அமர்ந்துவிடும். மிச்சமுள்ள இடங்களில் ஏறிய ஆக்சிஜனையும் எளிதில் இறங்க விடாது. அதனால்தான் ரத்தசோகையில் பாதி ஹீமோகுளோபினை இழந்தவரால் நடமாட முடிகிறது. பாதியை இந்த வாயுவிடம் இழந்தவர் நினைவிழந்து விழுகிறார். இரண்டும் சேர்ந்தால்? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு. பட்டாசு ஆலைகளில் வேலை செய்பவர்களில் பெண்கள் ஏராளம்.

நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்துகளில் பலரைக் கொன்றது வெடிப்பல்ல, இந்த வாயுவே என்று 1896இலேயே நிறுவினார் உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

கொரோனா காலத்தில் வீடுவீடாக வந்த பல்ஸ் ஆக்சிமீட்டரைப் புகையில் சிக்கியவர்களிடம் நம்பக் கூடாது. மோனாக்சைடு ஏறிய ரத்தமும் செக்கச்செவேல் என்றிருப்பதால், கருவி அதை ஆக்சிஜன் என்றே எண்ணி 98 காட்டும். ரத்தம் எடுத்து, மோனாக்சைடைத் தனியே அளக்கும் கோ-ஆக்சிமீட்டரில் பார்த்தால்தான் உண்மை தெரியும். பட்டாசு ஆலைகளை அடுத்துள்ள அரசு மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் அந்த வசதி வேண்டும்.

உடம்பில் ஒரு தீக்காயமும் இல்லாமல், தலைவலி, குமட்டல், தடுமாற்றம் என்று புகையிலிருந்து வெளியே வருபவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. உடனே 108ஐ அழையுங்கள். சாதாரணக் காற்றில் அந்த நஞ்சு பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரம் போதும்.