அண்ணல் தங்கிய அறைகள்

தில்லியில் வாழும் தமிழ் மக்களுக்கு மந்திர் மார்க் புதிய பெயர் அன்று. முற்காலத்தில் ரீடிங் ரோடு என வழங்கிய இச்சாலையில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இருக்கிறது; பிர்லா மந்திர் என்று மக்கள் அழைக்கும் லட்சுமி நாராயணர் ஆலயமும் இங்கேயே உளது. எல்லாச் சாதியினரையும் உள்ளே அனுமதிக்க வேண்டும் என்ற நிபந்தனையின்பேரில் 1939ஆம் ஆண்டு காந்தியடிகள் அவ்வாலயத்தைத் திறந்து வைத்தார். எனினும், அவர் தங்கி வாழ்ந்த சிறிய அறை ஒன்றும் இதே சாலையில் இருக்கிறது என்பதை நம்மவருள் பலர் அறியார்.

வால்மீகி ஆலய வளாகத்தில் உள்ளது அவ்வறை. நகரத்தைத் துப்புரவு செய்யும் தொழிலாளர் குடியிருப்பு அது. 1946 ஏப்ரல் முதல் நாள் அடிகள் இங்கு வந்து தங்கினார். 1947 ஜூன் வரையில், வெளியூர் சென்ற நாள்கள் நீங்கலாக, 214 நாள்கள் இங்கு அவர் தங்கியதாகக் கணக்கிட்டுள்ளனர். செல்வர் மாளிகைகள் அவருக்காகத் திறந்திருந்தும் இவ்விடத்தையே அவர் வேண்டினார். பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழுவுடன் பேச்சு நடந்த நாள்களில் தலைவர்கள் அவரைக் காண இங்கேயே வந்தனர். சமூகம் ஒதுக்கி வைத்திருந்த மக்களின் முற்றத்தில் நாட்டின் எதிர்காலம் ஆராயப்பட்டது. அப்பகுதிச் சிறுவர்களுக்கு அவர் பாடமும் சொல்லிக் கொடுத்தார்.

1947 ஏப்ரலில் இங்கு நடந்த பிரார்த்தனைக் கூட்டங்களில் குர்ஆன் வாசகம் ஓதப்படுவதைச் சிலர் எதிர்த்தனர். எதிர்ப்பவரை வெளியேற்றிவிட்டு ஓத அடிகள் விரும்பவில்லை. வாசகத்தை நீக்கிவிட்டு வழிபாடு நடத்தவும் இசையவில்லை. வழிபாட்டையே நிறுத்தி வைத்தார். எதிர்த்தவரின் மனம் மாறும்வரை காத்திருப்பதே அவர் கண்ட வழி.

நாடு விடுதலை பெற்றபின், 1947 செப்டம்பர் 9ஆம் நாள், கல்கத்தாவிலிருந்து தில்லி திரும்பினார். அப்போது துப்புரவாளர் குடியிருப்பில் அகதிகள் நிறைந்திருந்தனர். ஆகவே, தொழிலதிபர் கன்ஷ்யாம்தாஸ் பிர்லாவின் மாளிகையில் அவர் தங்க நேர்ந்தது. 1928இல் கட்டப்பெற்ற அம்மாளிகையில் அவர் வாழ்ந்தது 144 நாள்கள். மத நல்லிணக்கம் வேண்டி 1948 ஜனவரி 13இல் தொடங்கிய உண்ணாநோன்பை, பல சமயத் தலைவர்களும் உறுதிமொழி அளித்தபின், 18ஆம் நாள் முடித்தார். 20ஆம் நாள் பிரார்த்தனை மைதானத்தருகே குண்டு வெடித்தது. 30ஆம் நாள் மாலை பிரார்த்தனைக்கு நடந்து சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார்.

தனியார் இல்லமாக இருந்த அம்மாளிகையை 1971இல் அரசு வாங்கியது. 1973 ஆகஸ்ட் 15 முதல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்று, இன்று காந்தி ஸ்மிருதி என வழங்குகிறது. அவர் தங்கிய அறை பேணப்படுகிறது. கடைசியாக அவர் நடந்த வழி நெடுகிலும் காலடிச் சுவடுகள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பின்பற்றிச் செல்வோர், உயிர் நீத்த இடத்தில் எழுந்துள்ள நினைவுத்தூணை அடைவர்.

காந்தி ஸ்மிருதிக்குச் செல்வோர் மிகுதி; மந்திர் மார்க் அறையை நாடுவோர் குறைவு. ஆயினும் இரண்டையும் சேர்த்துக் காண்பதே முறை என்று கருதுகிறோம். அவர் எவ்வாறு இறந்தார் என்பதை மாளிகை கூறும்; யாருடன் வாழ விரும்பினார் என்பதைச் சிறிய அறை கூறும். ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் காண்போர்க்கு வரலாறு பாதியே விளங்கும்.

இவ்வரலாற்றில் நம் தமிழகத்திற்கும் பங்குண்டு. அடிகள் அரையாடை பூண்டது 1921 செப்டம்பரில், மதுரையில். அவர் இறந்தபோது அணிந்திருந்த, குருதி தோய்ந்த ஆடையின் பகுதி பாதுகாக்கப்படுவதும் அம்மதுரையிலேயே. இராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் அமைந்த அக்காந்தி நினைவு அருங்காட்சியகத்தை 1959 ஏப்ரல் 15இல் ஜவாஹர்லால் நேரு திறந்து வைத்தார்.

ஆகவே, தில்லி வாழ் தமிழன்பர்கள் ஒரு விடுமுறை நாளில் தம் மக்களை முதலில் மந்திர் மார்க்கிற்கும், பிறகு காந்தி ஸ்மிருதிக்கும் அழைத்துச் செல்வாராக. கோடை விடுமுறையில் ஊர் திரும்பும்போது மதுரையையும் காட்டுவாராக. ஏட்டில் படித்த விடுதலை வரலாறு அப்போது பிள்ளைகள் நெஞ்சில் நிலைபெறும்.