மேலே வெப்பம், கீழே உப்பு

அமெரிக்காவில் சாலையில் உறையும் பனியை உருக்க ஆண்டுதோறும் சுமார் 2 கோடி டன் உப்பு கொட்டப்படுகிறது. பனியோடு கரைந்த அந்த உப்பு ஓடைகளையும் ஏரிகளையும் சென்றடைகிறது. உப்பிலுள்ள குளோரைடு மட்கி அழியாது; நீரிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும்.

நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிட், குளிர்கால ஒலிம்பிக் இருமுறை நடந்த ஊர். அதன் கடைத்தெருவை ஒட்டியிருக்கிறது மிரர் ஏரி. இத்தகைய குளிர்ப்பகுதி ஏரிகளில் வசந்தத்தில் மேல்நீரும் அடிநீரும் ஒன்றோடொன்று கலக்கும். அப்படிக் கலந்தால்தான் ஆழத்துக்கு ஆக்சிஜன் கிடைக்கும். 2017 வசந்தத்தில் மிரர் ஏரி முழுமையாகக் கலக்கவில்லை. உப்புநீர் அடர்த்தி மிக்கது என்பதால் அடியில் தேங்கி, மேலெழ மறுத்துவிட்டது.

இதே கலப்பைப் புவி வெப்பமயமாதலும் மேலிருந்து தடுக்கிறது. சூடான மேல்நீர் லேசாகி, அடிநீரின் மேல் மூடி போலப் படிகிறது. சூடான நீரில் ஆக்சிஜன் கரைவதும் குறைவு. குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த நீரை நம்பி வாழும் ட்ரவுட் மீனால் சூடான மேல்நீரிலும் இருக்க முடியாது, மூச்சுத் திணறும் ஆழத்திலும் இருக்க முடியாது. ஆக்சிஜன் அற்றுப்போன அடிச்சேற்றிலிருந்து பாஸ்பரஸ் வெளியேறி, பாசிக்கு உரமாகிறது.

அந்தப் பாசியை மேய்ந்து கட்டுக்குள் வைப்பது நீர்த்தெள்ளு போன்ற மிதவை விலங்குகள். உப்பால் எளிதில் பாதிக்கப்படுபவை இவை. மேய்ப்பவை குறைந்தால் பாசி பெருகும், நீர் கலங்கும்.

லிட்டருக்கு 230 மில்லிகிராம் குளோரைடு வரை நீர்வாழ் உயிர்களுக்குப் பாதகமில்லை என்று அமெரிக்கா 1988-இல் வரம்பு வகுத்தது. கனடாவின் வரம்பு 120. அமெரிக்கா, கனடா, ஸ்பெயின், ஸ்வீடன் நாடுகளில் 16 இடங்களில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு, இந்த நம்பிக்கையை உடைத்தது. ஏறத்தாழ நான்கில் மூன்று இடங்களில், நடைமுறையிலுள்ள வரம்புகளுக்கு உட்பட்ட அளவிலேயே நீர்த்தெள்ளு போன்ற மிதவை விலங்குகளில் ஏதேனும் ஒரு வகை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிட்டது.

வெப்பத்தை ஓர் ஊராட்சியால் தணிக்க முடியாது. உப்பைக் குறைக்க முடியும். பனி விழுமுன் உப்புக்கரைசலைத் தெளிப்பது, தரையின் வெப்பநிலைக்கேற்ப அளந்து போடுவது, பனியை முதலில் வழித்து அகற்றுவது எல்லாம் நடைமுறையில் உள்ள வழிகளே. வரம்பையும் திருத்தியாக வேண்டும். 1988-இல் வகுத்த எண் சூடாகும் ஏரிகளைக் காக்காது.