டீச்சரின் லீவும் நமது கடைத்தெருவும்

2018 ஆகஸ்ட் மாதம். கொழும்பு ரயில் பதுளைக்கு வந்து சற்று நேரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எனது கடைக்குள் நுழைந்தார். எல்லயில் இறங்கிவிடாமல் பதுளை வரை வரும் சுற்றுலாப் பயணியைக் காண்பது நமக்கு அபூர்வம். 1924இல் பதுளையைத் தொட்ட தண்டவாளம் எங்கே முடிகிறது என்று பார்க்கவே வந்தாராம். இங்கிலாந்தில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. தமது வகுப்புப் பிள்ளைகள் 28 பேருக்கும் இந்தத் தீவிலிருந்து ஆளுக்கொரு சின்னப் பொருள் வேண்டும் என்றார்.

அவரது பேச்சு எனக்குப் பாதிதான் விளங்கியது. கொப்பி வாங்க வந்து நின்ற தோட்டப் பாடசாலை மாஸ்டர் ஒருவர் மீதியைச் சொல்லித் தந்தார். நான் கீ டெக் பெட்டியை எடுத்து வைத்தேன். திருப்பிப் பார்த்தார்; சீனத் தயாரிப்பு. யானைப் பொம்மை எடுத்தேன்; அதுவும் அப்படியே. பிறகு நமுனுகல மலைப் பக்கம் கையைக் காட்டி, "அங்கே விளையும் தேயிலை இருக்கிறதா?" என்று கேட்டார். என்னிடம் இருந்ததெல்லாம் கொழும்பில் பொதி செய்த பைக்கற்றுகள். 28 பொருள் வாங்க வந்தவர் ஒரு தண்ணீர்ப் போத்தலோடு போய்விட்டார்.

அன்று இரவு கணக்குப் பார்க்கையில் அந்தத் தண்ணீர்ப் போத்தல்தான் என் மனதில் நின்றது.

ஆசிரியர் என்ற வாடிக்கையாளரை நாம் சரியாக எடை போட்டதில்லை. ஏனைய உத்தியோகத்தர் மலிவான மாதம் பார்த்து லீவு போடலாம். டீச்சருக்கு அது முடியாது. பிரித்தானியாவில் ஜூலைக் கடைசியில் பாடசாலை மூடினால் செப்டெம்பரில்தான் திறக்கும். விமான டிக்கெட் உச்ச விலையில் இருக்கும் காலம் அது. டிக்கெட்டுக்கே பெரும் பணம் கொடுத்தவர் இங்கே வந்து சிக்கனம் பார்ப்பார். ஆனால் வெறுங்கையுடன் வகுப்புக்குத் திரும்ப மாட்டார். அந்த நாட்களில் தென்மேற்குக் கடற்கரையில் மழையும் கொந்தளிப்பும். அருகம்பே பக்கமோ நல்ல வெயில். கண்டி பெரஹராவைப் பார்த்துவிட்டுக் கிழக்கே போகிறவர்களுக்கு ஊவா மலைகள் வழியில் இருக்கின்றன. தெமோதரைக்கும் எல்லக்கும் இடையில் 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் பிடிக்காமல் யார் போகிறார்கள்?

இன்னொன்று. ஊவாத் தேயிலையின் பெயர் பெற்ற பருவமும் ஜூலை முதல் செப்டெம்பர் வரைதான். வறண்ட கச்சான் காற்று வீசும்போது கொழுந்தில் ஏறும் அந்த வாசம் வேறு மாதத்தில் கிடைக்காது. பருவமும் வாடிக்கையாளரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வருகிறார்கள். சரக்கோ லொறியேறிக் கொழும்புக்குப் போகிறது. 1883இல் தொடங்கிய ஏலம் அங்கேதானே நடக்கிறது! ஏலத்தில் விற்று, கலந்து, பெட்டி போட்டுத் திரும்ப நமது தட்டுக்கு வரும்போது அது எந்த மலையின் இலை என்று சொல்ல ஆளில்லை.

தோமஸ் லிப்டனும் நம்மைப் போல ஒரு கடைக்காரர்தான். 1871இல் கிளாஸ்கோவில் முதல் கடையைத் திறந்தவர். ஆஸ்திரேலியா போகும் வழியில் 1890இல் இங்கே இறங்கினார் என்பார்கள். ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதன்ன தோட்டத்தை வாங்கி, இடைத்தரகரை ஒதுக்கிவிட்டுத் தமது கடைகளிலேயே விற்றார். ஊர் சுற்ற வந்தவர் கண்டதை, ஊரிலேயே கடை வைத்திருக்கும் நாம் காணவில்லை.

வெட்கத்தில் நானும் இறங்கினேன். 2019 மார்ச்சில் ஒரு சிறு தொழிற்சாலையில் 30 கிலோ வாங்கி 50 கிராம் பைக்கற்றுகளாக 600 அடித்தேன். எடை, விலை, திகதி, முகவரி எல்லாம் ஒழுங்காக அச்சிட்டேன். அடுத்த மாதம் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல். இலங்கைக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கையை ஜூனில் பிரித்தானியா தளர்த்தியது உண்மைதான். ஆனால் டீச்சர்மார் அதற்குள் வேறு தீவுக்கு டிக்கெட் எடுத்திருப்பார்கள். நமது சமூகத்துக் கடைகள் அந்த வருடம் பட்ட பாட்டை இங்கே விவரிக்கத் தேவையில்லை. 600 பைக்கற்றையும் தோட்டத்து வாடிக்கையாளருக்கு நட்டத்தில் தள்ளினேன். மார்ச் மாதத்திலேயே வாங்கியது என் அவசரம். அது பருவத் தேயிலையே அல்ல.

2018இல் 23 லட்சத்துக்கு மேல் வந்த பயணிகள் 2021இல் இரண்டு லட்சத்துக்கும் குறைந்தனர். 2024இல் மீண்டும் 20 லட்சத்தைத் தாண்டியது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து மலையைச் சரித்து ரயில் பாதையையும் உடைத்தது. ஆகவே கடன் வாங்கிப் பெரிதாகச் செய்யுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். நான் இப்போது ஆகஸ்டில், பருவம் நடக்கும்போதே, ஐந்து கிலோ வீதம் எடுக்கிறேன். விற்றால் மீண்டும் ஐந்து.

அந்த மாஸ்டரைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். அன்று டீச்சர் போனதும், "எனக்கும் இப்போ லீவுதான் முதலாளி, எங்கே போறது?" என்று சிரித்தார். லீவில் டியூஷன் வகுப்பு எடுப்பவர். இந்தத் தீவிலேயே பிறந்து, கடலை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாராம். சென்ற வருடம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொத்துவில் போய் வந்தார். எனக்கென்று ஒரு பொட்டலம் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பொத்துவில் கரையில் காய்ந்த கருவாடு.