கொழுந்து மெஷின் புதுசு எடுக்குமுன், யார் காசு என்று கேளுங்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் கைக்கத்தரியும் பெற்றோல் மெஷினும் புழங்கத் தொடங்கிக் காலமாகிவிட்டது. இப்போது பற்றரியை முதுகில் மாட்டிக்கொண்டு ஒருவரே கொழுந்து வெட்டும் மெஷின் கடைகளுக்கு வந்திருக்கிறது. பழையதைத் தள்ளிவிட்டு இதை எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் விலையையும் வேகத்தையும் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்தக் காசை யார் போட வேண்டும்?

நாட்சம்பளத்துக்குப் பேர் போடுகிறவர் என்றால் கருவி கொடுக்க வேண்டியது தோட்டம். அது உங்கள் சட்டைப்பைச் செலவல்ல. சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிக்கப்பட்ட கழிவுகள் தவிர வேறெதையும் சம்பளத்தில் பிடிக்க முடியாது. மெஷின் கழிவு என்று சம்பளச் சீட்டில் ஒரு வரி ஏறியிருந்தால், எந்தக் கடிதத்தில், எப்போது சம்மதித்தேன் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஆனாலும் தொழிலாளர்கள் தாங்களாகவே மெஷின் வாங்கப் போவது ஏன்? அரைப்பேர் பயம்தான். கேட்ட கிலோ வராவிட்டால் அரைநாள் சம்பளம் என்னும்போது, கடன்பட்டாவது கிலோவை ஏற்றிவிடலாம் என்று மனம் ஓடுகிறது. மெஷின் வந்ததும் கிலோ அளவும் ஏறினால், நீங்கள் போட்ட காசு உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். அதனால் மெஷினைக் கையில் எடுக்குமுன், நாள் அளவு எத்தனை கிலோ, அதற்கு மேல் வரும் ஒவ்வொரு கிலோவுக்கும் எவ்வளவு என்பதைத் தோட்டத் தலைவர் மூலம் எழுத்தில் வாங்குங்கள். ஆபீசில் வாய்வார்த்தையாகச் சொன்னது போதாது.

வெளியார் உற்பத்தி முறையில் நிலைமை இன்னும் சிக்கல். மலையின் ஒரு துண்டைக் குடும்பத்திடம் கொடுத்து, கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. இங்கே மெஷின், பற்றரி, பழுது எல்லாம் குடும்பத்தின் தலையில். அதோடு நாட்சம்பளத்தின் கூடவே வந்துகொண்டிருந்த பல நின்றுபோகலாம். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதில் முதலாளி போடும் ஊழியர் சேமலாப நிதி 12 சதவீதம், அதாவது 162 ரூபாய். ஊழியர் நம்பிக்கை நிதி 3 சதவீதம், 40 ரூபாய் 50 சதம். ஒரு நாளைக்கு 202 ரூபாய் 50 சதம். மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் 5,000 ரூபாய்க்கு மேல். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் உண்டு. 1,350 ரூபாய்க்கு அது வருடத்துக்கு 18,900. இருபது வருடச் சேவைக்கு 3 இலட்சத்து 78 ஆயிரம். 2026 வரவு செலவுத் திட்டம் அடிப்படைச் சம்பளத்தை 1,550 ஆக்குவதாக அறிவித்தது. அந்தச் சம்பளத்தில் இந்தக் கணக்கெல்லாம் இன்னும் ஏறும். மெஷினால் கூடுதலாக வரும் கிலோக்காசை இந்தத் தொகைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எழுதிப் பார்க்காமல் துண்டு மலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். வேலையை விட்டதாகக் கடிதம் கேட்டால், சேவைக்காலத்தையும் பணிக்கொடைக் கணக்கையும் முதலில் கையில் வாங்குங்கள். பணிக்கொடையை வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழ்ப் பிரதி கேளுங்கள். கிடைக்கும்வரை பேனாவைத் தொட வேண்டாம்.

அடுத்தது உடம்பு. பெற்றோல் மெஷினின் அதிர்வு நாளெல்லாம் கைக்கு ஏறினால் விரல்களின் இரத்த ஓட்டம் கெடும். விரல் வெளுத்து மரத்துப்போகும் இந்த நோய் குளிரில் மோசமாகும்; நுவரெலியாவின் காலைக் குளிரைச் சொல்ல வேண்டியதில்லை. விரல் நுனி வெளுக்கத் தொடங்கியதுமே மருந்தகத்தில் காட்டிப் பதிவு செய்யுங்கள், அங்கே தரும் துண்டைப் பத்திரமாக வையுங்கள். பற்றரி மெஷினில் இரைச்சல் குறைவு, புகை இல்லை, அந்த வகையில் புதியது நல்லதே. ஆனால் பாரம் முதுகுக்கும் தோளுக்கும் போகிறது. கடையில் ஐந்து நிமிடம் தூக்கிப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வைத்திருப்பவரிடம் கேட்டு, உங்கள் மலையில், உங்கள் சரிவில் அரைநாள் ஓட்டிப் பாருங்கள். வாங்கப்போவது ஆணாக இருந்தாலும், அதைச் சுமந்து நிரையில் நிற்கப்போவது பெண் என்றால் அவர்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மலையையும் பார்க்க வேண்டும். மெஷினுக்குத் தட்டு சமமாக இருக்க வேண்டும். மேடுபள்ளமான பழைய விதைத் தேயிலையிலும் செங்குத்துச் சரிவிலும் அது முற்றிய இலையையும் தண்டையும் சேர்த்து வெட்டும். ஸ்டோரில் அது கழிவாகப் போய், ஏறிய கிலோ இறங்கிவிடும். கவ்வாத்து முடிந்து துளிர்த்து வரும் செடியில் மெஷினை விடவே கூடாது. உங்கள் துண்டு எந்த வகை என்று தெரியாவிட்டால், 1925இல் தொடங்கப்பட்டு இப்போது தலவாக்கலையில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தில் கேளுங்கள்.

லயத்தில் பற்றரிக்குச் சார்ஜ் போடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. மின்கசிவால் லயம் எரிந்த செய்தி மலையகத்துக்குப் புதிதல்ல. ஒரு காம்பராவில் பிடித்த தீ ஒரே கூரை வழியாக வரிசை முழுவதையும் கொண்டுபோய்விடும். இரவில் சார்ஜ் போட்டுத் தூங்காதீர்கள். மெஷினோடு வந்த சார்ஜர் தவிர வேறொன்று வேண்டாம். வீங்கிய பற்றரியை வீட்டுக்குள் வைக்க வேண்டாம். தோட்டத்துக்குச் சொந்தமான மெஷின் என்றால், சார்ஜ் போடும் இடத்தையும் தோட்டமே தர வேண்டும் என்று கேளுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் வாங்குவதென்றால், முதலில் பழையதைப் பாருங்கள். மெஷின் போய்விட்டது என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி மழுங்கிய பிளேட்தான். தீட்டி, இடைவெளி சரிசெய்தால் இன்னொரு பருவம் ஓடும். புதியதற்குப் பிளேடும் பற்றரியும் ஹட்டன் டவுனிலேயே தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கொழும்பிலிருந்து பாகம் வரக் காத்திருக்கும் நாளெல்லாம் சம்பளம் போன நாள். பில் இல்லாமல் வாங்க வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டப்படி, கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். அதில் தொடரிலக்கத்தையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்குப் பேசுங்கள்; வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்திலும் கொடுத்துவிடுங்கள். மெஷினுக்காகக் குழுக்கடன் எடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. கொழுந்து குறையும் வரட்சி மாதத்திலும் வாரத் தவணை குறையாது. நிதிக் கம்பனியோடு பிரச்சினை என்றால் மத்திய வங்கியின் 1935 இலக்கம் இருக்கிறது.

வேலையில் மெஷின் வெட்டிக் காயமானால் அன்றே தோட்ட ஆபீசில் பதிவு செய்யச் சொல்லுங்கள். 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உங்களுக்கும் உரியது. வெளியார் முறையில் இருப்பவரை எங்கள் தொழிலாளி இல்லை என்று தோட்டம் கைகழுவப் பார்க்கலாம். ஆகவே யார் வேலை சொன்னார், கொழுந்தை எந்த ஸ்டோர் எடுத்தது என்பதற்கான சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள்.

சேமலாப நிதி, பணிக்கொடை, சட்டவிரோதக் கழிவு ஆகியவற்றுக்கு மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குப் போகலாம். தமிழில் எழுதிக் கொடுங்கள், தமிழிலேயே பதில் கேளுங்கள். அரசியலமைப்பு அந்த உரிமையைத் தருகிறது. தனியாகப் போகாமல், அதே மெஷின், அதே ஒப்பந்தம் உள்ள பத்துக் குடும்பமாகச் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோங்கள்.