காதால் கேட்டு வரைந்த மீன்கள்

1934 ஆகஸ்ட் 15, பெர்முடா கடல். எஃகு உருண்டைக்குள் அமர்ந்து இயற்கை ஆய்வாளர் வில்லியம் பீபியும் பொறியாளர் ஓட்டிஸ் பார்ட்டனும் 923 மீட்டர் ஆழம் இறங்கினார்கள். சன்னலில் கண்டதைப் பீபி தொலைபேசியில் சொல்லச் சொல்ல, மேலே குளோரியா ஹாலிஸ்டர் குறிப்பெடுத்தார். அந்தக் குறிப்புகளுக்கு உருவம் தந்தவர் ஓவியர் எல்சே போஸ்டெல்மன். அந்த உருண்டையில் அவர் இறங்கியதே இல்லை. பீபியின் வாய்மொழியும் வலையில் சிக்கிய மீன்களுமே அவருக்குத் துணை.

அவர் தீட்டிய விரியன் மீனின் பற்களைக் கிட்டே நின்று பாருங்கள். வாயை மூடினாலும் உள்ளே அடங்காமல், ஊசிபோல் வெளியே நீண்டிருக்கும். உடலோரம் வரிசையாக ஒளிப்புள்ளிகள். கும்மிருட்டை இவ்வளவு அழகாகக் காட்டிய தூரிகை அபூர்வம்.

பீபி வர்ணித்த மீன்களில் சிலவற்றை இன்றுவரை வேறு யாரும் பார்த்ததில்லை.