டிராகனின் நெருப்பு, அன்றும் இன்றும்

1977-ல் வெளிவந்த ‘மான்ஸ்டர் மேனுவல்’ என்னும் விளையாட்டுக் கையேட்டில், முதுமை எய்திய மிகப் பெரிய சிவப்பு டிராகனின் ஹிட் பாயிண்ட், அதாவது அதன் உயிரின் அளவு, 88. அது உமிழும் நெருப்பின் சேதமும் அதே 88. 2025-ல் அதே பெயரில் வந்த புதிய கையேட்டில் முதிய சிவப்பு டிராகனின் உயிர் 507. நெருப்பின் சேதம் சராசரியாக 91. ஏறக்குறைய அரை நூற்றாண்டில் உயிர் ஆறு மடங்கை நெருங்கிவிட்டது. நெருப்பில் மூன்று புள்ளிதான் கூடியிருக்கிறது. எதிரே நிற்பவரின் கணக்கையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தால்தான் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது தெரியும்.

இந்தக் கையேடுகளுக்கு உரிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ நம் வீடுகளில் பரவலாகத் தெரிந்த ஆட்டம் அல்ல. காய் நகர்த்தி ஜெயிக்கும் ஆட்டமும் அல்ல. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, வாள்வீரனாகவோ மந்திரவாதியாகவோ, தாங்கள் என்ன செய்கிறோம் என்பதை வாயால் சொல்லிக்கொண்டு போவார்கள். நடக்குமா நடக்காதா என்ற கேள்வி எழும் இடத்தில் பகடை உருளும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய மூன்று சிறு புத்தகங்கள், 1974 ஜனவரியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து ஒரு பெட்டிக்குள் வைத்து விற்பனைக்கு வந்தன. முதல் அச்சு ஆயிரம் பெட்டிகள்.

எழுபதுகளின் இறுதியில் ஒரு மேசையில் நடந்திருக்கக்கூடிய கணக்கைப் பார்ப்போம். பத்தாம் நிலையை எட்டிய வாள்வீரனுக்கு, உடல்வலிமைக்கான கூடுதல் எதுவும் இல்லையென்றால், சராசரி உயிர் 52. அதே நிலையில் மந்திரவாதிக்கு 25. அந்த நிலைக்கு வரவே மாதக்கணக்கில் ஆடியிருக்க வேண்டும். டிராகன் வாயைத் திறந்ததும் ஒவ்வொருவரும் தப்பிப்பதற்காக ஒரு பகடை உருட்டுவார்கள். நல்ல எண் விழுந்தால் சேதம் பாதி: 44. வீரனுக்கு எண் தவறினால் மரணம்; விழுந்தால் எட்டுப் புள்ளி மிஞ்சும். மந்திரவாதிக்கு விழுந்தாலும் விழாவிட்டாலும் முடிவு ஒன்றே. இந்த நெருப்பை டிராகன் நாளொன்றுக்கு மூன்று முறை உமிழலாம்.

இப்படிப்பட்ட ஒன்றோடு யார் சண்டைக்குப் போவார்கள்? பெரும்பாலும் போகக்கூடாது என்பதுதான் அந்த விதிகளின் கருத்து என்று நினைக்கிறேன். பழைய கையேட்டில் என்னை அதிகம் ஈர்ப்பவை நெருப்பைப் பற்றிய வரிகள் அல்ல, அதைச் சுற்றி இருக்கும் மற்ற எண்கள். ஒவ்வொரு டிராகனுக்கும் அது உறங்கிக்கொண்டிருக்கும் வாய்ப்பு சதவீதத்தில் தரப்பட்டிருக்கும்: வெள்ளை டிராகனுக்கு 60, சிவப்புக்கு 20. பேசத் தெரிந்திருக்கும் வாய்ப்பு இன்னொரு எண்: வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 75. கொல்லாமல் அடித்துப் பணியவைக்கவும் தனி விதி உண்டு. பணிந்த டிராகனை விற்றுக்கூட விடலாம். ஆகவே குகை வாசலில் நிற்பவர்கள் முதலில் கேட்டது, எப்படிக் கொல்வது என்றல்ல. தூங்குகிறதா, பேசுமா, பேசினால் எதைக் கொடுத்து ஒதுங்க வைக்கலாம் என்றுதான் கேட்டார்கள்.

இதற்கு அன்றைய விதி இன்னொரு காரணமும் வைத்திருந்தது. பாத்திரம் வளர்வதற்கான அனுபவப் புள்ளிகளில் பெரும்பகுதி, கொன்ற உயிர்களால் வரவில்லை, வெளியே கொண்டுவந்த பொன்னால் வந்தது. ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. டிராகன் படுத்திருப்பதோ பொற்குவியலின் மேல். அதை எழுப்பாமல் அள்ளிக்கொண்டு வெளியேறியவருக்குக் கிட்டத்தட்ட முழுப் பலனும் கிடைத்தது. இன்றைய விதியில் பொன் பொன்னாகவே இருக்கிறது. 2014 பதிப்பில் முதிய சிவப்பு டிராகனை வென்றால் 62,000 அனுபவப் புள்ளிகள். அன்று டிராகன் தாண்டிப் போக வேண்டிய இடர். இன்று வென்று தீர வேண்டிய எதிரி.

ஆபத்து அன்றிலிருந்து சீராகக் குறைந்துகொண்டே வந்தது என்று சொல்லிவிட முடியாது. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பு, டிராகனுக்கு உரிய மதிப்பு இல்லை என்று எண்ணியதைப்போல, அதை மூர்க்கமாக வளர்த்தது. 400 வயது தாண்டினால் முதுமை என்றிருந்தது போய், 1,200 வயது தாண்டிய பெரும் டிராகன் வந்தது. வயதுப் படிகள் எட்டிலிருந்து பன்னிரண்டாயின. அந்த வயதுச் சிவப்பு டிராகனின் நெருப்பு சராசரி 144. இருபதாம் நிலை வீரனுக்கே அந்தப் பதிப்பில் சராசரி 82 தான். மூன்றாம் பதிப்பின் 2003 திருத்தத்தில் டிராகனின் உயிர் 660 வரை போயிற்று. நெருப்பு 132-க்கு இறங்கியது. உடல் பெருக்க, நெருப்பு தணியத் தொடங்கியது இந்த இடத்தில்தான்.

இன்றைய கணக்கு இப்படி. முதிய சிவப்பு டிராகனுக்கு 2014 பதிப்பில் உயிர் 546, 2025-ல் 507; நெருப்பு இரண்டிலும் சராசரி 91. எதிரே இருபதாம் நிலை வீரன், நடுத்தர உடல்வலிமையோடு, 164. மந்திரவாதி 122. இருவருமே தப்பிக்கும் பகடையில் தவறி முழு நெருப்பையும் வாங்கினாலும் நின்றுகொண்டுதான் இருப்பார்கள். உயிர் பூஜ்யத்துக்கு இறங்கினாலும் அது சாவல்ல, மயக்கம். விழுந்தவர் தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் ஒரு வெற்றி. மூன்று வெற்றி கிடைத்தால் உயிர் நிலைக்கும், மூன்று தோல்வி கண்டால் மரணம். இடையில் தோழர் ஒருவர் ஒரே ஒரு புள்ளி உயிரூட்டினாலும் விழுந்தவர் எழுந்து வாளை எடுக்கலாம். 1974-ன் சிறு புத்தகங்களில் பூஜ்யம் என்றால் மரணம், அவ்வளவே.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் பொங்கலுக்கு எங்கள் ஊரான மீமிசலுக்கு வந்திருந்தபோது, இரவில் வீடியோ காலில் நண்பர்களோடு இந்த ஆட்டத்தை ஆடுவான். டிராகனிடம் செத்துப்போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். “அவ்வளவு லேசுல சாக மாட்டோம் மாமா. கீழ விழுந்தா உருட்டிப் பாக்கலாம். அதுக்குள்ள யாராவது வந்து எழுப்பி விட்டுருவாங்க” என்றான். அவனுடைய பாத்திரத்துக்கு ஊர், பெற்றோர், பழைய பகை, செய்துகொடுத்த சத்தியம் எல்லாம் எழுதி வைத்திருந்தான்.

விழுந்தால் எழலாம் என்ற அந்தப் பதில் எனக்குப் புதியதாகத் தோன்றவில்லை. கல்யாணராமர் கோயில் உள்ள ஊரில் வளர்ந்தவனுக்கு, ஆட்டப் பலகையில் காத்திருக்கும் ஆபத்து என்றால் பரமபதப் பாம்புதான். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக விரிக்கப்படும் அந்தப் படத்தில் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். மேலே போகப் போகப் பாம்புகள் நீளும். வைகுண்டத்துக்குச் சற்றுக் கீழே பெரிய பாம்பு படுத்திருக்கும். அதன் வாயில் விழுந்தால் ஏறி வந்ததெல்லாம் போய் அடிக்கட்டங்களிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் ஆட்டத்தை விட்டு வெளியேற்றப்படுபவர் எவரும் இல்லை. பாம்பு கொல்லாது, இன்னொரு பிறவிக்கு அனுப்பும். கையேட்டின் பழைய டிராகன் அப்படியல்ல. அது ஒரு பாத்திரத்தின் தாளைக் கிழித்துப் போட வைக்கும். இன்றைய டிராகன், எண்கள் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும், பரமபதப் பாம்பின் பக்கம் நகர்ந்திருக்கிறது.

அந்தப் பாம்பும் இதற்கிடையே மாறித்தான் போயிற்று. இங்கிருந்து சென்ற ஆட்டம் 1890-களில் இங்கிலாந்தில் குழந்தைகள் விளையாட்டாக விற்பனைக்கு வந்தது. 1943-ல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்பையே எடுத்துவிட்டுச் சறுக்குமரத்தை வைத்தது. நூறு கட்டப் பலகையில் பத்துச் சறுக்கு, ஒன்பது ஏணி. மிக நீண்ட சறுக்கு 87-லிருந்து 24-க்கு. கடைசிச் சறுக்கு 98-லிருந்து 78-க்கு. உச்சிக்கு இரண்டு கட்டம் கீழே தவறியவருக்கு இருபது கட்டம்தான் நஷ்டம். குழந்தை அழாமல் ஆட்டம் முடிய வேண்டும் என்ற கரிசனம் அதில் தெரிகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பரமபதத்தில் உச்சியை நெருங்கியவரைச் சுற்றி, தூக்கத்தை விட்டு எல்லோரும் குனிந்து பார்ப்பார்களே, அந்த நிமிடத்தை இருபது கட்டச் சறுக்கு தராது.

டிராகனின் கதையில் இந்த நகர்வு ஏன் நடந்தது என்பதற்கும் விடை தேடிப் பார்க்கலாம். 1974-ல் ஒரு பாத்திரத்தை உருவாக்க மூன்று பகடையை ஆறு முறை உருட்டினால் போதும். சில நிமிட வேலை. செத்தால் அதே இரவில் இன்னொருவர் பிறந்துவிடுவார். 1984-ல் தொடங்கிய ‘டிராகன்லான்ஸ்’ வரிசை, டிரேசி ஹிக்மனும் மார்கரெட் வைஸும் சேர்ந்து வளர்த்தது, ஆட்டத்தை நெடுங்கதையாக்கியது. நெடுங்கதைக்கு நாயகர்கள் கடைசி வரை வேண்டும். 1997-ல் ஆட்டம் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2015-லிருந்து ‘கிரிட்டிக்கல் ரோல்’ போன்ற நிகழ்ச்சிகள் இணையத்தில் ஆட்டத்தை நேரடியாகக் காட்டின; பார்வையாளர்கள் பாத்திரங்களோடு வாரக்கணக்கில் உறவாடினார்கள். இன்று ஒரு பாத்திரத்தை எழுதி முடிக்க ஒரு மாலை ஆகிறது. ஒரு மாலையின் உழைப்பை ஒரு மூச்சு நெருப்பில் எரிக்க விதி எழுதும் எவருக்கும் கை நடுங்கும்.

இதனால் கிடைத்தது சிறிதல்ல. முதல் நாளே பாத்திரம் செத்து, மேசையை விட்டு எழுந்து, பின் திரும்பியே வராதவர்கள் அந்தக் காலத்தில் இருந்திருப்பார்கள். இன்று புதியவர்கள் தங்குகிறார்கள். டிராகனும் முன்னைவிட உயிர்ப்போடு சண்டையிடுகிறது: அடுத்தவர் முறையிலும் தாக்குகிறது, மந்திரத்தை உதறித் தள்ளுகிறது; 2014 பதிப்பில் அதன் குகையே அதற்காகக் குமுறியது. 88 உயிர் கொண்ட பழைய டிராகன், நெருப்பு தவறிவிட்டால், நல்ல வாள்வீரர்கள் மூவரிடம் சில சுற்றுகளில் வீழ்ந்துவிடும். 507 அப்படி வீழாது. இன்றைய சண்டை நீண்டது, பார்க்க அழகானது, ஒவ்வொருவருக்கும் பங்கு தருவது.

இழந்தது குகை வாசலில் நடக்கும் ஆலோசனை. நான்கு பேர் குரல் தாழ்த்தி, உள்ளே போகத்தான் வேண்டுமா என்று விவாதிக்கும் அந்த நேரம். தாங்கும் என்று தெரிந்த நெருப்பின் முன் அந்த விவாதம் நடப்பதில்லை. அது முழுதும் அழிந்துவிடவில்லை என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2014-ல் புதியவர்களுக்கான பெட்டியில் வந்த ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபாண்டெல்வர்’ என்ற கதையில், பாழடைந்த ஓர் ஊரில் இளம் பச்சை டிராகன் ஒன்று இருக்கிறது. அதன் நச்சு மூச்சு சராசரி 42. அங்கே வந்து சேரும் மூன்றாம், நான்காம் நிலைப் பாத்திரங்களில் அதைத் தாங்கி நிற்கக்கூடியவர் எவருமில்லை என்றே சொல்லலாம். பேசிப் பார்ப்பதும் ஓடுவதும் அங்கே மீண்டும் நல்ல யோசனைகளாகின்றன. டிராகன் மாறியதால் அல்ல, பாத்திரங்கள் இன்னும் சிறியவர்களாக இருப்பதால்.

பழைய கணக்கைத் தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கேவின் நார்மன் தொகுத்த ‘ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ்’, 1981-ன் எளிய விதிகளை ஒழுங்குபடுத்தித் திரும்ப அச்சில் கொண்டுவந்தது. அந்த விதிகளில் சிவப்பு டிராகனின் சராசரி உயிர் 45 தான். அந்த நொடியில் அதற்கு எவ்வளவு உயிர் மிச்சமோ அவ்வளவுதான் நெருப்பு. காயப்பட்டால் நெருப்பும் குறையும். ஆகவே முதல் அடியை யார், எங்கிருந்து, எப்போது அடிப்பது என்பதிலேயே எல்லோருடைய உயிரும் தொங்குகிறது. வில்லாளி எட்டுப் புள்ளி காயப்படுத்திவிட்டால், பின்னால் நிற்கும் மந்திரவாதிக்கு வரும் நெருப்பில் எட்டு குறையும்; அவர் பிழைக்க அந்த எட்டே போதுமானதாக இருக்கலாம். அக்கா மகனிடம் இந்த விதியைச் சொன்னபோது அவன் உடனே கணக்குப் போடத் தொடங்கினான். அடுத்த ஆட்டத்தில் இதை வைத்துப் பார்க்கலாமா என்று நண்பர்களிடம் கேட்டிருக்கிறான். அவர்களில் இருவர், ஊரும் உறவும் எழுதி வளர்த்த பாத்திரங்களை இதற்குக் கொண்டுவர மாட்டோம், வேறு ஆட்களைப் புதிதாக உருட்டிக்கொள்கிறோம் என்று சொன்னார்களாம்.